மைக்ரோவேவில் கோழி: ஓரம் ரப்பர், எலும்போரம் பச்சை. தவறு எங்கே?

கேட்டிருப்பவர் கோயம்புத்தூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி. அறையில் கேஸ் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. 20 லிட்டர் சோலோ (கிரில் எதுவும் இல்லாத சாதாரண) மைக்ரோவேவ் ஒன்றுதான் சமையலறையே. குறிப்பில் போட்டிருந்தபடி 'ஹை'யில் 10 நிமிடம் வைத்தும் கோழித்துண்டின் ஓரம் ரப்பராகிவிடுகிறது, எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருக்கிறது. சாம்பாரைச் சுட வைத்தால் ஓரம் கொதிக்கிறது, நடு சில்லென்று இருக்கிறது. இதில் அசைவம் சமைப்பதே ஆபத்தா, ஓவனில் கோளாறா, நேற்று வேகாமல் போன கோழி ஃபிரிட்ஜில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் ஓவனில் கோளாறு இல்லை. மைக்ரோவேவில் கோழியைத் தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் கேஸ் அடுப்பில் நாம் கண்ணாலும் காதாலும் பழகிய அடையாளங்கள் இதில் செல்லாது. அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்தால் பாத்திரம் முழுக்கக் கொதிக்கிறது என்று அர்த்தம். இதில் ஓரம் கொதிக்கும்போதே நடு வெதுவெதுப்பாக இருக்கலாம். மணி அடித்துவிட்டது என்பதற்கும் வெந்துவிட்டது என்பதற்கும் இங்கே சம்பந்தமே கிடையாது. பதினான்கு வருடம் வீடு வீடாகப் போய் ஓவன் டெமோ செய்தவள் நான். புதிதாக வாங்கியவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

சொல்வதைவிடக் காட்டினால் புரியும். அப்பளத்தை வைத்துக் காட்டுவேன். உங்கள் ஓவனிலும் இப்போதே செய்து பார்க்கலாம். கண்ணாடித் தட்டையும் அடியில் இருக்கும் சக்கரத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் சுழலி இடிக்காதபடி ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு அட்டை, அட்டையின்மேல் நான்கைந்து பச்சை அப்பளங்களை நெருக்கமாகப் பரப்புங்கள். எதுவும் சுற்றக்கூடாது, அதுதான் முக்கியம். 'ஹை'யில் அரை நிமிடம், பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஒரே அப்பளத்தில் ஒரு மூலை வெள்ளையாகப் பொரிந்து மேலெழும்பும், அதை ஒட்டிய இடம் மஞ்சளாகப் பச்சை மாவாகவே கிடக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு வெள்ளைத் திட்டு. கருக ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்தத் திட்டுகள்தான் உங்கள் ஓவனின் சூட்டு வரைபடம். ஒரு வீட்டில் இதைப் பார்த்த பாட்டி ஒருவர், "அப்போ என் பேரனுக்கு இத்தனை நாள் பாதி பச்சையாத்தான் கொடுத்திருக்கேனா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி.

காரணம் இதுதான். இந்தப் பெட்டிக்குள் நெருப்பும் இல்லை, சூடான காற்றும் இல்லை. ரேடாருக்காகச் செய்யப்பட்ட மாக்னட்ரான் என்ற குழாய்தான் இதன் இதயம். 1945ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், அதன் அருகில் நின்றபோது சட்டைப் பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார், அங்கிருந்துதான் இந்த அடுப்பு பிறந்தது. வீட்டு ஓவன்களில் அது 2450 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 12 செ.மீ. பெட்டியின் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதும்போது சில இடத்தில் வலுக்கின்றன, சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வலுத்த இடங்கள் கிட்டத்தட்ட அரை அலை தூரத்தில், அதாவது 6 செ.மீ. இடைவெளியில் வரும். அப்பளத்தில் தெரிந்தது அதுதான். தட்டு சுற்றுவது இந்தக் குறையை ஓரளவு சரிசெய்யத்தான். ஆனால் தட்டின் நடுப்புள்ளி நடுவிலேயேதான் இருக்கும். அது எவ்வளவு சுற்றினாலும் இடம் மாறாது.

இரண்டாவது, அலை உணவுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பது. 'மைக்ரோவேவ் உள்ளேயிருந்து வெளியே சமைக்கும்' என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது தவறு. உணவைப் பொறுத்து 2 முதல் 4 செ.மீ. வரைதான் அலை இறங்கும். அதற்கு உள்ளே இருப்பது வெளிப்பக்கத்துச் சூடு மெல்ல மெல்லப் பரவித்தான் வேக வேண்டும். உப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். உப்புள்ள குழம்பு அலையை மேலாகவே உறிஞ்சிக்கொள்ளும், அடியாழம் காத்திருக்கும். உங்கள் சாம்பார் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று இப்போது தெரிகிறதா? கெட்டிப்பட்ட சாம்பாரில் பருப்பும் நகராது, சூடும் நகராது.

மூன்றாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. இட்லிப் பானைக்குள் சுற்றிலும் ஆவி இருக்கிறது, வறுக்கும்போது சூடான எண்ணெய் இருக்கிறது, ஆகவே உணவின் மேல்தோல்தான் முதலில் சூடாகும். கிருமி அதிகம் இருப்பதும் மேல்தோலில்தான். மைக்ரோவேவிலோ சுற்றியிருக்கும் காற்று குளிர்ந்த காற்று. மூடாமல் வைத்தால் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிப் போகும், போகும்போது அந்த இடத்தைக் குளிரவைத்துவிட்டுப் போகும். வேர்வை உலரும்போது உடம்பு குளிர்கிறதே, அதே சங்கதி. ஆகவே மூடி என்பது தெறிக்காமல் இருக்க மட்டும் இல்லை. உள்ளே ஆவி கட்டி நின்று மேற்பரப்பையும் வேகவைக்கத்தான் மூடி. ஆவி போக ஒரு சின்ன இடைவெளி விட்டு எப்போதும் மூடுங்கள். மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், அந்த ஆவி பட்டால் தோல் உரிந்துவிடும்.

இனி உங்கள் 10 நிமிடத்துக்கு வருகிறேன். அந்தக் குறிப்பை எழுதியவரின் ஓவன் எத்தனை வாட் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுடையது எத்தனை? பின்பக்க ஸ்டிக்கரில் இரண்டு எண் இருக்கும். பெரிய எண் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம், சின்ன எண்தான் உணவுக்குப் போகும் சக்தி. 20 லிட்டர் சோலோ ஓவன்களில் அது பெரும்பாலும் 700 அல்லது 800 வாட். பழசானால் குறையும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் குறையும். நீங்களே அளந்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை மைக்ரோவேவுக்கு ஏற்ற பாத்திரத்தில் எடுத்து, வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, 'ஹை'யில் சரியாக 2 நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்து நன்றாகக் கலக்கி மறுபடி அளங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35ஆல் பெருக்கினால் உங்கள் ஓவனின் உண்மையான வாட் ஏறக்குறைய வந்துவிடும். 28 டிகிரி தண்ணீர் 47 ஆனால், 19ஐ 35ஆல் பெருக்க 665 வாட். குறிப்பு 900 வாட் ஓவனுக்கு எழுதப்பட்டதாக இருந்தால், அங்கே 10 நிமிடத்தில் ஆகும் வேலைக்கு உங்களுக்குப் பதின்மூன்றரை நிமிடம் வேண்டும். உங்கள் கோழி பச்சையாக நின்றதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

அளவும் அப்படித்தான். இட்லிப் பானையில் நான்கு இட்லி வைத்தாலும் பதினாறு வைத்தாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். மைக்ரோவேவில் இருக்கும் சக்தியை எல்லாத் துண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு மடங்கு கறி வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

இந்த விஷயம் விளையாட்டு இல்லை. 2007ல் அமெரிக்காவில், மாவு ஓட்டுக்குள் கோழிக்கறி அடைத்து உறைய வைத்த 'பை' (pie) என்ற பண்டத்தால் சுமார் 400 பேருக்கு சால்மோனெல்லா என்ற கிருமியின் தொற்று வந்தது. சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் அதை மைக்ரோவேவில்தான் சூடாக்கியிருந்தார்கள். வெளியே மாவு ஓடு வெந்து மணந்தது, உள்ளே கறி வேகவில்லை. உங்கள் தட்டில் நடப்பதும் அதே கதைதான்.

கோழியை இப்படிச் செய்யுங்கள். முதலில், எலும்பில்லாத கறி வாங்குங்கள். அல்லது கடைக்காரரிடம் சின்னத் துண்டாக, தொடை எலும்பைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பெரிய எலும்பு அலையை மறைத்துக்கொள்ளும், அதை ஒட்டிய சதை வேகாது. உங்களுக்குச் சிவப்பு தெரிந்த இடம் அதுதான். துண்டுகள் ஒரே கனத்தில், இரண்டு மூன்று செ.மீ.க்குள் இருக்கட்டும். பாத்திரம் வட்டமாக, அகலமாக, ஆழம் குறைந்ததாக இருக்க வேண்டும். சதுர டப்பாவின் நான்கு மூலையிலும் இரண்டு பக்கத்திலிருந்து அலை இறங்கும், மூலைத்துண்டுகள்தான் முதலில் ரப்பராகும். மசாலா தடவிய துண்டுகளை வட்டமாக அடுக்கி, தடித்த பக்கம் வெளியே, மெல்லிய பக்கம் உள்ளே பார்த்திருக்கும்படி வையுங்கள். நடுவை வெறுமையாக விடுங்கள். வளையல் மாதிரி. இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடுங்கள்.

அரைக் கிலோவுக்கு முதல் 4 நிமிடம் 'ஹை'. எடுத்து ஒவ்வொரு துண்டையும் திருப்பி, உள்ளிருப்பதை வெளியேயும் வெளியிருப்பதை உள்ளேயும் மாற்றுங்கள். அதற்குப் பிறகு 'ஹை' வேண்டாம். பாதிச் சக்திக்கு இறக்கி மூன்று மூன்று நிமிடமாக வையுங்கள், ஒவ்வொரு தடவையும் கிளறுங்கள். பாதிச் சக்தி என்றால் சாதாரண ஓவன்களில் மாக்னட்ரான் கொஞ்ச நேரம் எரிந்து கொஞ்ச நேரம் அணைந்து கிடக்கும். காது கொடுத்துக் கேட்டால் 'ம்ம்ம்' என்ற ஓசை ஏறி இறங்குவது தெரியும். அந்த அணைந்த நேரத்தில்தான் ஓரத்துச் சூடு உள்ளே நடந்து போகிறது. 'ஹை'யிலேயே ஓட்டினால் அதற்கு அவகாசமே கிடைக்காது, ஓரத்துச் சதை நீரெல்லாம் கக்கி இறுகிவிடும். ரப்பருக்குக் காரணம் அவசரம்தான்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? நிறத்தை நம்பாதீர்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி, முழுக்க வெந்த பிறகும் எலும்போரம் சிவப்பாகக் காட்டும். வெளுத்த சதை பாதுகாப்பான சூட்டைத் தொடாமலும் இருக்கும். குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் சால்மோனெல்லா மிஞ்சாது. ஒரு இடத்தில் குத்திப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தடித்த துண்டில் மூன்று நான்கு இடம், நடுவில் இருந்த துண்டு, ஓரத்தில் இருந்த துண்டு எல்லாம் பாருங்கள். எலும்பில் முனை இடித்தால் எண் தவறாக வரும். எல்லா இடத்திலும் 74 வந்தால் போதும். ஒரு டெமோவில் ஒரே பாத்திரத்தில் ஓரத்துண்டு 91, நடுத்துண்டு 58 என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

அளப்பதற்கு முன் ஒன்று. ஓவன் நின்றதும் திறந்து சாப்பிடக் கூடாது. மூடியபடியே மூன்று நிமிடம் வெளியே வைக்க வேண்டும், கறி அதிகமாக இருந்தால் ஐந்து. இந்த நேரத்தில் ஓரத்தின் 90 டிகிரியும் நடுவின் 60 டிகிரியும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. பிரியாணியைத் தம்மில் போடுகிறோமே, அதே வேலைதான். குறிப்பில் 'நிற்க விடவும்' என்று போட்டிருந்தால் அது சமையலின் ஒரு பகுதி, ஆறுவதற்காகச் சொன்னது இல்லை. நின்ற பிறகும் 74 வரவில்லை என்றால் மறுபடி இரண்டு நிமிடம் வைத்து, மறுபடி நிற்க விட்டு, மறுபடி அளங்கள்.

உறைந்த கறி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பனிக்கட்டி இந்த அலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும், உருகிய தண்ணீர் ஆவலாக உறிஞ்சும். ஆகவே எங்கே முதலில் உருகியதோ அந்த இடமே மேலும் மேலும் சூடாகும். ஒரு மூலை வெந்துகொண்டிருக்கும்போது இன்னொரு மூலை கல்லாக இருக்கும். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. அவசரத்துக்கு 'டிஃப்ராஸ்ட்' போட்டால், உருகியதும் அப்போதே சமைத்துவிடுங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். அதில் சில இடங்கள் ஏற்கெனவே கிருமி வளரும் சூட்டுக்கு வந்திருக்கும்.

சோறும் சாம்பாரும் சுட வைப்பது இதைவிட எளிது. தட்டில் குவித்து வைக்காமல் பரப்புங்கள், நடுவில் ஒரு குழி பறித்துவிடுங்கள். சோற்றில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். பாதி நேரத்தில் எடுத்து அடிவரை கிளறுங்கள். பழையதைச் சுட வைப்பதற்கும் இலக்கு 74 டிகிரிதான். கிளறிய பிறகும் நடுவிலிருந்து ஆவி வர வேண்டும். இட்லியை ஈரத்துணி போர்த்திச் சுட வைத்தால் கல்லாகாது. சாம்பாரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிவிட்டு வையுங்கள், இளகினால்தான் கலங்கும்.

ஆனால் சோற்றில் மைக்ரோவேவ் தீர்க்க முடியாத ஒரு ஆபத்து உண்டு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். அவை கொதியிலும் சாகாது. வடித்த சோறு வெளியிலேயே மணிக்கணக்காக இருந்தால் அவை முளைத்து நஞ்சைச் சேர்க்கும், வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி எவ்வளவு சுட வைத்தாலும் போகாது. ஆகவே 'நன்றாகச் சூடு பண்ணிவிட்டேன்' என்பது சமாதானமே இல்லை. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள், சோறு ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஆழம் குறைந்த டப்பாவில் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். பழைய சோறு சாப்பிடுகிறோமே என்று கேட்பீர்கள். அதில் சோறு தண்ணீரில் மூழ்கிப் புளிக்கிறது, அந்தப் புளிப்பு இந்தக் கிருமியின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கிறது. குக்கரில் மறந்துபோன வெறும் சோறு அது இல்லை.

பாத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. எவர்சில்வர், அலுமினியத் தாள், தங்கக் கோடு போட்ட பீங்கான் எதுவும் வேண்டாம், பொறி பறக்கும். மெலமைன் தட்டு வேண்டாம். ஹோட்டல் பார்சல் டப்பாவிலேயே சுட வைக்கும் பழக்கத்தை விடுங்கள். எண்ணெய் மிதக்கும் குழம்பு 100 டிகிரியைத் தாண்டும், பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறையோடு சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இடம் உருகியிருக்கிறது. கெட்டிக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வாங்கினால் பல வருடம் வரும். எண்ணெயைக் காய வைத்துப் பொரிக்க இதில் முயலவே வேண்டாம், அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை. உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இரண்டு விபத்துகளை மட்டும் தனியாகச் சொல்கிறேன், தனியாக இருக்கும் பையன்களுக்கு இவைதான் நேர்கின்றன. முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள். உரித்த வேகவைத்த முட்டையையும் சுட வைக்காதீர்கள். உள்ளே ஆவி கட்டி, வெளியே எடுத்து வாயருகே கொண்டுபோகும்போது வெடிக்கும். உடைத்து ஊற்றினால்கூட மஞ்சள் கருவை ஊசியால் குத்திவிட்டுத்தான் வைக்க வேண்டும். தோலோடு உருளைக்கிழங்கு, கத்தரிக்காய்க்கும் அதே குத்தல். அடுத்தது தண்ணீர். வழவழப்பான கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஒரு குமிழி விடாமல் அமைதியாக இருக்கும். காப்பித்தூளைப் போட்டதும் மொத்தமும் குபீரென்று முகத்தில் பொங்கும். 200 மில்லி தண்ணீருக்கு 700 வாட்டில் ஒன்றரை நிமிடம் போதும், மறதியாக நான்கு நிமிடம் வைக்காதீர்கள். உள்ளே ஒரு மரக் குச்சி போட்டு வையுங்கள், எடுப்பதற்கு முன் அரை நிமிடம் விடுங்கள்.

கதிர்வீச்சு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பக்கத்து அறைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். ஓவன் நின்ற கணமே அலை நின்றுவிடும், உணவில் எதுவும் தங்காது. கதவு வளைந்திருந்தாலோ அதன் விளிம்பு சேதமாகியிருந்தாலோ மட்டும் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.

ஃபிரிட்ஜில் இருக்கும் நேற்றைய கோழியைக் கொட்டிவிடுங்கள். பாதி வெந்த கறி, கிருமி சாகாத, ஆனால் வளர வசதியான சூட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜுக்குப் போயிருக்கிறது. பாதி வேக வைத்தால் மீதியை அப்போதே வேக வைக்க வேண்டும், நிறுத்தி வைக்கக் கூடாது. அது இருந்த டப்பாவையும் கரண்டியையும் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். ஃபிரிட்ஜில் அதே அடுக்கிலோ அதற்குக் கீழேயோ சோறு ஏதாவது திறந்தபடி இருந்தால் அதையும் சேர்த்துக் கொட்டுங்கள்.